கையைக் கீழே போடுங்க

உதயகுமாருக்கு கிராஸ் கன்ட்ரி என்றால் என்னவென்றே தெரியாது. முழு ஆண்டுப் பரீட்சை முடிந்து வந்த அன்று மகள் ஜோதிகாதான் சொன்னாள்.

"கிரவுண்டைச் சுத்தி வர்றது இல்ல நைனா. ரோடு, மேடு, ஏரிக்கரைன்னு ஓடிக்கினே இருக்கணும். எங்க ஸ்கூல்ல இந்த வருசந்தான் மொத தபா டீம் போடுறாங்க. லீவு முடிஞ்சதும் ஓடவுட்டுப் பார்த்து ஆறு பேரை எடுப்பாங்க. அதுல நான் இருக்கணும்."

ஒன்பதாவது போகிற பெண். இது வேணும் அது வேணும் என்று வாய் திறக்காதவள். கேட்டதும் கேட்டாள், கடையில் வாங்க முடியாத ஒன்றைக் கேட்டுவிட்டாள்.

தெருநாய்களை நினைத்தால் தனியாக ஓடவிட மனசில்லை. அவன் ஷேர் ஆட்டோக்காரன். முத்தாபுதுப்பேட்டையிலிருந்து ஆவடிக்கு விடியற்காலை முதல் ட்ரிப் அவனுடையது. "என் வண்டி பின்னாலயே வா. ஜனங்க ஏறி எறங்கச்சொல்லோ மூச்சு வாங்கிக்கோ" என்றான். பாதி வழியில் வரும் குவார்ட்டர்ஸ் கேட் வரை ஓடுவாள். திரும்புகாலில் வண்டியில் ஏறிக்கொள்வாள்.

கத்திரி வெயில் தொடங்குவதற்குள் அந்த ரோட்டுக்கே அது வேடிக்கையாகிவிட்டது. பூ விற்கப் போகும் பூங்காவனம் கூடையோடு கடைசி சீட்டில் உட்கார்ந்து வம்பிழுப்பாள்.

"இன்னாடி, ராத்திரி சோறு துன்னலியா? காலு கொழகொழன்னு வருதே!"

"நீ எறங்கி ஓடு அத்தே, பாக்கலாம்!"

"நான் ஓடினா ரோடு தாங்காதுடி!"

ஷேர் ஆட்டோக்காரனுக்கு நீட்டிய கைதான் சிக்னல். ஓரமாக ஒரு கை நீண்டால் போதும், கால் தானாக பிரேக்கில் போய் விழும். ஒருநாள் அப்படி அவன் சட்டென்று நிறுத்த, பின்னால் வந்த ஜோதிகா வண்டியில் மோதி முட்டியைச் சிராய்த்துக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் வண்டியைப் பார்ப்பதை விட்டுவிட்டு, தூரத்தில் தெரியும் கைகளைப் பார்க்கக் கற்றுக்கொண்டாள். கை நீண்டதோ இல்லையோ, வண்டி நிற்பதற்கு முன்னாலேயே அவள் நின்றுவிடுவாள்.

"உன் பிரேக்கைவிட உன் பொண்ணு பிரேக் சூப்பரா கீது உதயா!" என்பாள் பூங்காவனம். அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஒருநாள் எவளோ கொடியில் துணி எடுக்கக் கை நீட்டியதற்கும் ஜோதிகா நின்றாள். வண்டியே சிரித்தது. சிரித்ததோடு விட்டதுதான் தப்பு.

பள்ளிக்கூடம் திறந்தது. ஓட்டத்தன்று உதயகுமார் ட்ரிப் அடிக்கவில்லை. பூங்காவனமும், பூ எங்கே போய்விடும் என்று கூடவே வந்தாள். பி.டி. டீச்சர் ரேவதி விசில் ஊத, பெண்கள் பாய்ந்தார்கள். ஜோதிகா நாலாவதாகப் போனாள். அவனுக்குத் தரையில் கால் பாவவில்லை.

முதல் திருப்பத்தில் வழி காட்ட நின்ற பெரிய வகுப்புப் பெண், "இந்தப் பக்கம்!" என்று கையை நீட்டினாள்.

ஜோதிகா ஆணி அடித்த மாதிரி நின்றாள். நாலு பேர் தாண்டிப் போனார்கள். திரும்ப ஓடினாள். ஏரிக்கரை ஏறுகிற இடத்தில் இன்னொரு கை. மறுபடியும் நின்றாள்.

"இன்னா உதயா, கொயந்த நின்னு நின்னு போவுது? வவுத்து வலியா?" என்றாள் பூங்காவனம்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. "கைதான் அக்கா, கை! கை நீட்டினா நின்னுட்றா! நான் பழக்கிவுட்ட பழக்கம்!" என்று தலையில் அடித்துக்கொண்டு ஓடினான். "நிக்காத கண்ணு, ஓடு ஓடு!" என்று இரண்டு கையையும் வீசிக் கத்தினான். அந்தக் கைகளைப் பார்த்து அவள் மூன்றாவது தடவையாக நின்றாள்.

பூங்காவனம் பின்னாலேயே வந்து அவன் கையில் ஓர் அடி போட்டாள். "மொதல்ல நீ கைய மடக்குடா!"

ஜோதிகா கரைமேல் ஓடி மறைந்தாள். இவர்கள் குறுக்கு வழியில் பள்ளிக்கூட வாசலுக்கு ஓடினார்கள். அங்கே பார்த்தால் அப்பா அம்மாக்கள் கூட்டம், ஆளாளுக்குக் கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தது. பூங்காவனம் அடிவயிற்றிலிருந்து குரலெடுத்தாள். நாலு தெருவுக்குப் பூ விற்கிற குரல்.

"எல்லாரும் கையைக் கீழே போடுங்க! ஒருத்தரும் தூக்கக் கூடாது!"

என்னமோ ஏதோ என்று அத்தனை கையும் இறங்கியது. சிலர் கையைக் கட்டிக்கொண்டார்கள். ரேவதி டீச்சர்கூட விசில் பிடித்த கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

கரையிலிருந்து ஜோதிகா இறங்கி வந்தாள். கண்ணுக்கெட்டிய மட்டும் ஒரு கை இல்லை. காலி வண்டி டிப்போவுக்குத் திரும்புகிற வேகம். ஒருத்தியைத் தாண்டினாள். இன்னொருத்தியையும் தாண்டினாள். உதயகுமார் மூச்சை அடக்கிக்கொண்டு எண்ணினான். அஞ்சு பேர் கோட்டைத் தாண்டியாச்சு. ஆறாவது...

"ஜோதிகா, ஆறு!" என்றாள் டீச்சர்.

பூங்காவனம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஆனால் ஜோதிகா நிற்கவில்லை. கோட்டைத் தாண்டி, கூட்டத்தைத் தாண்டி, ரோட்டோரமாக ஆவடிப் பக்கம் ஓடிக்கொண்டே இருந்தாள்.

"ஏம்மா, முடிஞ்சுது, நில்லும்மா!" என்று டீச்சர் கத்தினாள். அது அவள் காதில் ஏறவில்லை.

உதயகுமார் சிரித்துக்கொண்டே வாசலில் நிறுத்தியிருந்த தன் ஆட்டோவில் தாவி ஏறி, அவளைத் தாண்டிப் போய் இறங்கினான். ரோட்டோரமாக நின்று, பாசஞ்சர் மாதிரி நிதானமாகக் கையை நீட்டினான்.

ஜோதிகா நின்றாள்.