பன்னிரண்டாம் நாள் தாள்

டிக்சனின் சபையில் எச்.ஐ.வி. சான்றிதழ் கொடுத்தால்தான் கல்யாண அறிவிப்பான ஓலையை மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் டிக்சன் தன் 'நெகட்டிவ்' தாளைப் போதகரிடம் கொடுத்துவிட்டு, மலையைப் புரட்டியவன் போல நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தான். அத்தனையும் நடிப்பு.

தாளைத் தந்த, எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்து ஆலோசகர் பேச்சிச்செல்வி அன்றே கேட்டிருந்தார். "பாதுகாப்பில்லாம இருந்து எத்தனை நாளாச்சு தம்பி?"

மும்பைக்குப் பயிற்சிக்குப் போன இடத்தில், ஒரே ஒரு தடவை. கட்டிக்கொள்ளப் போகும் ஜாயைப் பெண் பார்ப்பதற்கு முன்பு. "பன்னெண்டு நாளாச்சுக்கா."

"அப்ப இந்தத் தாளை நம்பப்படாது. கிருமி உள்ள போனாலும், அதை எதிர்த்து ரத்தத்துல உண்டாவுறதைத்தான் இந்த டெஸ்ட் பாக்கும். அது தெரிய நாளாவும். அதுவரைக்கும் இல்லைன்னுதான் காட்டும். விண்டோ பீரியட்னு சொல்லுவாவ. ஒண்ணரை மாசத்துல வாங்க, மூணு மாசத்துல திரும்ப வாங்க. அதுதான் முடிவு."

காதில் விழாதது போல வந்துவிட்டான். முதல் ஓலைக்கு முந்தின நாள் அப்பாவிடம் போய் நின்றான். "ஓலை இப்ப வேண்டாம்பா. மறுபடி டெஸ்ட் எடுக்கணும்" என்றான்.

அப்பா அருமைநாயகம் எகிறினார். "ஏலே, தாள்லயே இல்லைன்னு போட்டிருக்குல்லா? ஊரைக் கூட்டிச் சிரிக்க வைக்கப் போறியா?"

டிக்சன் அன்றே ஜாயின் ஊரான சாத்தான்குளத்துக்கு பஸ் ஏறினான். கணக்கு டீச்சரான ஜாயிடம் ஒன்று விடாமல் சொன்னான். அவள் முகம் சிவந்தது.

"சொல்லாம கட்டியிருந்தீங்கன்னா ஜென்மத்துக்கும் மன்னிச்சிருக்க மாட்டேன்" என்றாள். "நோய் இருந்தா மருந்து இருக்கு. மூணு மாசம் கழிச்சு நானும் வாரேன்."

ஒன்றரை மாதத்தில் 'நெகட்டிவ்'. அப்பா மறுபடி அவசரப்படுத்தினார். சொந்தக்காரர்கள் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். டிக்சன் அசையவில்லை.

முதல் தாள் வாங்கியதிலிருந்து தொண்ணூற்று இரண்டாம் நாள், மையத்தின் அறையிலிருந்து தாளோடு வெளியே வந்தான். ஆறடி ஆள் குழந்தை மாதிரி அழுதான். பெஞ்சிலிருந்த ஜாய் தாளைப் பிடுங்கி, தேதியை இரண்டு முறை பார்த்துவிட்டு, அங்கேயே அவன் அப்பாவுக்குப் போன் போட்டாள். "மாமா, ஓலையை எழுதச் சொல்லுங்க!" என்று அவள் கத்தியதில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. இருவருக்கும் வெட்கமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை போதகர் இரண்டு பெயரையும் வாசித்து, "இந்த விவாகத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போதே சொல்லலாம்" என்றார். டிக்சன் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். தான் அறிந்ததை அவன் மூன்று மாதத்துக்கு முன்பே ஜாயிடம் சொல்லிவிட்டான்.