யெந்தெ என்று ஒரு பெயர்

அந்தச் சனிக்கிழமை நியூயார்க்கின் பிராங்ஸில், எங்கள் யூத ஜெபக்கூடத்தில் இருந்தவர்கள்: நான், என் மகன் மில்டன், மைத்துனர் ஃபிஷல், வேதச் சுருள் வாசிக்கும் ஹெர்ஷ், வழக்கமாக வரும் கிழவர்கள் சிலர். மேல்மாடத்தில் பெண்களோடு என் மருமகள் ராஸ்லின். அவள் மடியில் இன்னும் பெயரில்லாத என் பேத்தி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு பேசியவர்களில் பலர் அங்கே இல்லாதவர்கள்.

என் மனைவி யெந்தெ அந்தக் குளிர்காலத்தில் இறந்துபோனாள். இறந்தவரின் பெயரை அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு வைப்பது எங்கள் வழக்கம். குலப்பெண் என்று பொருள்படும் பழைய சொல்லிலிருந்து வந்த பெயர் அது என்பார் என் மாமனார். அவளும் அப்படித்தான் இருந்தாள். தெருவில் பெண்கள் இறந்தால் உடலைக் கழுவி வெள்ளை உடுத்தும் குழுவில் கடைசிவரை இருந்தாள். வாசலில் கைகழுவிவிட்டு உள்ளே வந்து அடுப்பைப் பற்றவைப்பாள். எந்த உடம்பில் என்ன தழும்பு கண்டாள் என்று என்னிடம்கூடச் சொன்னதில்லை.

அவள் இருந்தபோதே ஒரு தொலைக்காட்சித் தொடர் வந்தது. அதில் ஒரு பக்கத்து வீட்டுக்காரி சுவரில் கண்ணாடித் தம்ளரை வைத்து ஒட்டுக்கேட்பாள், ஊரெல்லாம் வம்பு பரப்புவாள். அவளை எல்லோரும் யெந்தெ என்பார்கள். உடனே சிரிப்புச் சத்தம் போடுவார்கள். அதற்கு முன்பும் யாரோ பத்திரிகையில் அப்படிக் கேலி எழுதியதுண்டு. ஆனால் தொலைக்காட்சி வந்தபின் ஐரிஷ்காரர்களும் இத்தாலியர்களும்கூட வம்புக்காரிகளை அப்படித்தான் அழைத்தார்கள்.

வியாழக்கிழமை மில்டன் வீட்டுக்குப் போனேன். பெயர் வைப்பது பற்றிப் பேசுவதற்கு எதுவும் இருப்பதாகவே நான் நினைக்கவில்லை. ராஸ்லின் காப்பியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"மாமா, ஸ்கூல்ல டீச்சர் அந்தப் பேரைக் கூப்பிட்டா கிளாஸே சிரிக்கும். தினமும் சிரிக்கும்."

எங்கள் குடும்பத்தில் நான்கு தலைமுறையாக யாரும் சிரிக்கவில்லை என்றேன். ஒரு பெட்டிக்குள் குதிக்கும் கோமாளிகளுக்காக என் வீட்டுப் பெயரைக் கைவிட மாட்டேன் என்றேன். இன்னும் கடுமையாகவும் சொன்னேன். மில்டன் குறுக்கிட்டான்.

"அப்பா, அம்மாவே கறிக்கடையில தன் பேரை ஜென்னின்னுதான் சொல்லுவாங்க. ஒரு தடவை யெந்தென்னு கூப்பிட்டப்ப வரிசையில நின்னவங்க சிரிச்சாங்களாம். அன்னையிலேர்ந்து அப்படித்தான். உங்ககிட்ட சொல்லிடாதேன்னாங்க."

காப்பி ஆறிப்போனது. எழுந்து வந்துவிட்டேன்.

சனிக்கிழமை, வாசிப்பு முடிந்ததும் ஹெர்ஷ் குழந்தையின் பெயரைக் கேட்டார். மில்டன் என்னைப் பார்க்காமல், "யெஹூதிஸ்" என்றான். யெந்தெயின் முதலெழுத்து மட்டும் மிஞ்சியிருந்தது. ஹெர்ஷின் தாய் இறந்தபோது உடலைக் கழுவியவள் யெந்தெதான். அவர் ஆசியைத் தொடங்காமல் என்னைப் பார்த்தார். நான் ஒரு சொல் சொன்னால் போதும், அவர் மாற்றிவிடுவார். கூடமே காத்திருந்தது. மேலே குழந்தை சிணுங்கியது. ராஸ்லின் அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கறிக்கடையில், கையில் பையோடு, யாரோ ஜென்னி என்று கூப்பிடக் காத்து நின்றவளை நினைத்தேன். ஹெர்ஷைப் பார்த்து, அந்தப் பெயரே இருக்கட்டும் என்று தலையசைத்தேன்.

நான் பாதியில் எழுந்து போய்விட்டதாகவும், பிறகு விருந்துக்கு வைத்திருந்த மீன் தட்டைத் தட்டிவிட்டதாகவும் தெருவில் பேசிக்கொள்கிறார்கள். பொய். கடைசிவரை நின்றேன். ஆமென் சொன்னேன். பக்கத்தில் நின்ற ஃபிஷலைக் கேளுங்கள்.