போன் இல்லாதவர்கள்

வெள்ளிக்கிழமை காலை, ஒரு கன்னத்தை மழித்துவிட்டு மறு கன்னத்தில் நுரையோடு நின்றிருந்தபோது டயாலிசிஸ் மையத்தின் தலைமை நர்ஸ் கூப்பிட்டார். அந்த மையத்தின் முன்பதிவு வெப்சைட்டைப் பன்னிரண்டு வருடமாகப் பார்த்துக்கொள்வது எங்கள் அலுவலகம்தான். ஆனாலும் அவர்கள் எதற்கும் மச்சானைத்தான் கூப்பிடுவார்கள். என்னைக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை.

"சார், உங்க புது சிஸ்டத்துல வாரம் மூணு தடவை டயாலிசிஸுக்கு வர்ற டெய்லர் ஐயா பேரு திங்கக்கிழமையும் இல்ல, புதன்கிழமையும் இல்ல. ரிசப்ஷன்ல புதுசா வந்த பொண்ணு, லிஸ்ட்ல இல்லன்னு திருப்பி அனுப்பிட்டா. இன்னைக்கு மூச்சு முட்டி ஐசியூல கிடக்கார். கொஞ்சம் என்னன்னு பாருங்க."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் 'கொஞ்சம்'தான் தாங்கவில்லை. பாதி முகத்தோடு கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். அந்த உறவெல்லாம் வருவதற்கு முன்பே கல்லூரியில் ஒரே பெஞ்ச். ஒரு மாடியறையில் இரண்டு மேசை போட்டுச் சேர்ந்துதான் தொழிலைத் தொடங்கினோம். எல்லாமே பி.எச்.பி. என்கிற ப்ரோகிராம் மொழியில். அவன் எழுதுவான், நான் ஊரெல்லாம் போய்ப் பேசிவிட்டு வருவேன். போன வருடம் எனக்குப் பைத்தான் என்கிற வேறொரு மொழி மேல் பைத்தியம் பிடித்தது. மூன்று மாதம் படித்துவிட்டுத் தலைகால் தெரியாமல் ஆடினேன். அந்த மொழி அழகானதுதான், அதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகமில்லை. அழகானதைக் கற்றுக்கொண்டவன் அடுத்தவன் எழுதியதைக் குப்பை என்று சொல்ல வேண்டுமென்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. நான் சொன்னேன். அதுவும் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் முன்னால்.

அவன் சண்டை போடவில்லை. "மாறலாம் மாப்ள, நான் வேணாங்கல. ஒரு மாசம் பக்கத்துல உட்காரு. எந்த வரி எதுக்கு இருக்குன்னு சொல்லிடறேன், அப்புறம் நீ என்ன வேணா பண்ணு" என்றான்.

"படிச்சா தெரியாதா? எனக்கென்ன கண்ணு இல்லையா?" என்றேன்.

அடுத்த வாரம் நாற்காலியில் மாட்டியிருந்த ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு போனவன்தான். தங்கை வீட்டுப் படி ஏறுவதையும் விட்டுவிட்டான். என் மனைவி ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகப் போய் அண்ணனைப் பார்த்துவிட்டு வந்தாள். திரும்பி வந்து எனக்குச் சோறு போடுகிறபோது கரண்டிச் சத்தம் மட்டும் கொஞ்சம் அதிகமாகக் கேட்கும்.

மையத்தில் வழக்கம் இதுதான். போன் இருக்கிற நோயாளிக்கு முந்தின நாள் மெசேஜ் போகும், வருகிறேன் என்று அவர் பதில் அனுப்ப வேண்டும். சாயங்காலத்துக்குள் பதில் வராவிட்டால் அவருடைய படுக்கை காத்திருக்கிற இன்னொருவருக்குப் போய்விடும். போன் இல்லாதவரை ஒன்றும் கேட்பதில்லை, படுக்கை அவருக்கே. இந்த விதியைப் பழைய ப்ரோகிராமில் படித்தேன், புதியதிலும் அப்படியே எழுதினேன். நூற்று நாற்பது சோதனை வைத்தேன், அத்தனையும் பாஸ். போன சனிக்கிழமை புதியதை ஓடவிட்டு, எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தேன்.

நர்ஸ் கூப்பிட்ட வெள்ளிக்கிழமை காலை டெய்லரின் பக்கத்தைத் திறந்தபோது போன் எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஜீரோ இருந்தது. தேடிப் பார்த்தேன். அவரைப் போல இன்னும் பத்துப் பேர். மற்ற பத்துப் பேரும் கவுன்டரில் சத்தம் போட்டு இடம் வாங்கியிருக்கிறார்கள். டெய்லர் சத்தம் போடத் தெரியாதவர்.

மச்சானுக்கு அடித்தேன். மூன்றாவது மணியில் எடுத்தான். ஒரு வருடம் கழித்துப் பேசுகிறவனிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் விஷயத்தைக் கொட்டிவிட்டேன்.

"நம்பர் கட்டத்தை காலியா விட்டா ஃபாரம் சேவ் ஆகாது மாப்ள. போன் இல்லாதவங்களுக்கு ஜீரோ போடுங்கன்னு நான்தான் அங்க சொல்லி வெச்சிருந்தேன். பி.எச்.பி. ஜீரோவை ஒண்ணுமில்லன்னு எடுத்துக்கும்."

பைத்தான் அப்படி எடுத்துக்கொள்ளாது. கட்டத்தில் எழுத்தாக ஒரு ஜீரோ கிடந்தால், ஏதோ இருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம். ஆகவே ஜீரோ என்கிற எண்ணுக்கு மெசேஜ் அனுப்பி, சாயங்காலம் வரை காத்திருந்து, டெய்லரின் படுக்கையை வேறொருவருக்குக் கொடுத்திருக்கிறது. இது எனக்குத் தெரியாததில்லை. பயிற்சியில் முதல் வாரமே சொன்னார்கள். அந்தக் கட்டத்தில் ஜீரோ இருக்கும் என்பதுதான் தெரியாது.

"அந்த ஒரு மாசத்துல இதைத்தான் சொல்ல இருந்தேன்" என்றான் மச்சான். குரலில் குத்தல் இல்லை. "இப்ப அவர் எப்படி இருக்கார்?"

"தெரியல மச்சான்."

"போய்ப் பாரு" என்று சொல்லி வைத்துவிட்டான்.

ஒரே ஒரு வரி. நான்கு நிமிடத்தில் சரிசெய்துவிட்டேன்.

மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஐசியூ கண்ணாடிக்கு வெளியே டெய்லரின் மகள் நின்றிருந்தாள். முப்பது வயதிருக்கும். நான் வெப்சைட் செய்கிறவன் என்றேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது அடுத்த வாக்கியம்தான். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"எங்க மேலதான் தப்பு சார். ஊர்ல எல்லார்கிட்டயும் போன் இருக்கு, அப்பாகிட்ட மட்டும் இல்லாம விட்டுட்டோம். அவரும் வேணாம் வேணாம்பார். மெசேஜ் வந்திருந்தா பார்த்திருப்பார்ல?"

"உங்க மேல தப்பில்லம்மா" என்றேன். யார் மேல் என்று அவளும் கேட்கவில்லை. நான் ஆறுதல் சொல்வதாக நினைத்துத் தலையாட்டினாள். அன்றைக்கு நான் செய்ததிலேயே கேவலமானது அந்த ஆறுதல்தான்.

"இனிமே இப்படி ஆகாது சார். இப்பதான் போய் வாங்கிட்டு வந்தேன். நர்ஸ்கிட்ட கெஞ்சித் தலைமாட்டுல வெச்சிருக்கேன்." ஒரு சீட்டை நீட்டினாள். பத்து இலக்கங்களை நிறுத்தி நிறுத்தி எழுதியிருந்தாள். "இந்த நம்பரைப் போட்டுக்கோங்க. சரியா எழுதியிருக்கேனான்னு ஒரு தடவை அடிச்சுப் பாருங்களேன்."

அடித்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மேல்தாள் உரிக்காத புதுப் போன் வெளிச்சம் போட்டு அதிர்ந்தது. அதிர்ந்துகொண்டே தலையணை ஓரத்திலிருந்து சரிந்து, ஊசி குத்தியிருந்த அவர் கையை ஒட்டி நின்று மறுபடியும் அதிர்ந்தது. "சரிதான் சார், வெச்சிடுங்க" என்றாள் மகள். நான் வைக்காமல், அசையுமா என்று அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.