பொழுது சாய்வதற்குள் நாலு வாய்

ஸ்ரீபால் நயினார் கேட்ட முதல் கேள்விக்கே தீவனக் கடை காசி சிரித்துவிட்டார்.

"இதுல மீனு கீனு கலந்திருக்கா?"

"குஞ்சுத் தீவனத்துல மீன்தூள் போடாம சாம்பாரா ஊத்துவாங்க, நயினாரே?"

சரி, நாமே கலப்போம் என்று கிளம்பிவிட்டார். கடலைப் புண்ணாக்கு, சோயா, உளுந்து நொய். ஜைனர் வீட்டில் வளரும் வாத்தும் சுத்த சைவமாகத்தானே இருக்க வேண்டும்! கூஸ் வாத்து பிறவியிலேயே புல் தின்னி என்பதை, முப்பது வருஷம் அரசாங்கக் கோப்பு படித்த மனிதருக்கு யாரும் எழுத்துமூலமாகத் தெரிவிக்கவில்லை.

மகள் சுருதி புனேவுக்கு வேலைக்குப் போன மாசம்தான் அடி அண்ணாமலையிலிருந்து அந்த மூன்று குஞ்சுகள் வேங்கிக்கால் வீட்டுக்கு வந்தன. காவலுக்கு என்று சொல்லிக்கொண்டார். திருடன் வந்தால் அவனுக்குக் கிடைக்கப்போவது மூட்டுவலித் தைலம் இரண்டு பாட்டில்.

பொழுது சாய்ந்த பிறகு அந்த வீட்டில் யாரும் வாயில் எதுவும் வைப்பதில்லை, பரம்பரை வழக்கம். வாத்துக்கும் அதே சட்டம். ஆறு மணிக்குத் தீவனச் சட்டி உள்ளே போய்விடும். விடியும்வரை குஞ்சுகள் வெறும் வயிற்றோடு கிடக்குமே என்ற பதைப்பில் ஐந்தரைக்கே சட்டியில் மலை மாதிரி குவிப்பார். இடது கையில் செல்போன், அதில் சூரியன் மறையும் நேரம். வலது கையில் புண்ணாக்கு உருண்டை. "இன்னும் நாலு வாய்டா கண்ணு, நாலே வாய்."

சுருதிக்கும் இப்படித்தான் ஊட்டினார். மார்கழியில் மலை சூரியனைச் சீக்கிரமே மறைத்துவிடும். அவர் நெய்ச்சோற்றுக் கிண்ணத்தோடு மாடிப்படி ஏறி ஓட, "பொழுது போயிடுச்சுப்பா, இனிமே சாப்ட்டா பாவம்!" என்று அவள் கத்துவாள். "மலைக்குப் பின்னாலதான்டி போயிருக்கு, இன்னும் மறையல" என்று கீழே இருந்து மனைவி ஜெயந்திமாலா தீர்ப்பு சொல்வாள். அந்த வீட்டில் சூரியனுக்கே வாய்தா கிடைத்த காலம் அது.

ஏழாவது வாரம், மூன்றாவது குஞ்சின் இடது சிறகு முறுக்கிக்கொண்டு, உடைந்த குடைக் கம்பிபோல் வெளியே நீட்டி நின்றது. குஞ்சுகளை விற்ற தனத்துக்குப் போன் போட்டார். அவள் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். குஞ்சைப் பார்ப்பதற்கு முன் சட்டியைத்தான் பார்த்தாள்.

"இன்னா நயினாரே, வாத்து வளக்கறீங்களா, பயில்வான் வளக்கறீங்களா? சத்து ஜாஸ்தியாயிட்டா சிறகு மளமளன்னு வளந்து கனத்துப்போயிடும். தாங்கற எலும்பு இன்னும் பிஞ்சு. பாரம் தாங்காம முறுக்கிக்கும். இது ஆடு மாதிரி மேயற ஜென்மம்."

"சரியாவுமா, தனம்?"

"பிஞ்சா இருக்கசொல்லவே கட்டுப் போட்டா படியும். அஞ்சு நாள். புண்ணாக்கைக் கண்ணுல காட்டக்கூடாது. புல்லும் தண்ணியும்தான். இப்ப வுட்டா ஆயுசுக்கும் இப்படியேதான்."

சிறகை மடித்துத் துணிநாடாவால் கட்டிவிட்டுப் போனாள்.

பக்கத்துக் காலி மனைகளில் அருகம்புல் அறுத்து வந்தார். குஞ்சு அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஐந்தரை ஆனதும் வேலிக் கம்பியில் கழுத்தை நீட்டி அவரைப் பார்த்துக் கத்தியது. முதல் நாள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார். இரண்டாம் நாள் கடைத்தெருவுக்கு ஓடிப்போனார். மூன்றாம் நாள், பூனைபோல நடந்து, கைப்பிடி புண்ணாக்கோடு கொல்லைப்பக்கம் போனார்.

அங்கே ஜெயந்திமாலா நின்றிருந்தாள். முந்தானை முடிச்சு புடைத்திருந்தது.

"இன்னா கையில?" என்றாள்.

"முந்தானையில இன்னா?"

குஞ்சு கத்தியது.

"நாலு வாய்தானேன்னு..." என்றாள் அவள்.

"சுருதிக்கும் இப்படித்தான் பண்ணோம். பஸ் ஏறும்போது மூணு டப்பா பலகாரம் குடுத்தோம். ரெண்ட அப்படியே திருப்பி அனுப்பிட்டா."

"இப்ப ராத்திரி பத்து மணிக்குத்தான் சாப்பிடறாளாம்."

"உன்கிட்ட சொன்னாளா?"

"உங்ககிட்ட சொல்லாதன்னு சொன்னா."

அவர் சிரித்தார். கண் கொஞ்சம் கலங்கியதற்குப் புண்ணாக்குத் தூசிமேல் பழி போட்டார். கையிலிருந்ததையும் முடிச்சிலிருந்ததையும் கொண்டுபோய் எதிர் வீட்டு எருமைக்குக் கொடுத்தார்கள். திரும்பி வந்து, புல்லைப் பொடிப்பொடியாகக் கிள்ளித் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டார்கள். குஞ்சு கோபத்தோடு ஒரு வாய் தின்றது.

ஐந்தாம் நாள் கட்டை அவிழ்த்தார். சிறகு மெல்லத் தொங்கியது. ஜெயந்திமாலா அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். குஞ்சு உடம்பை ஒரு உதறு உதறியது. சிறகு மடிந்து முதுகோடு ஒட்டியது. நுனி மட்டும் அரை விரற்கடை வெளியே நின்றது.

கம்பிக் கதவைத் திறந்துவிட்டார். குஞ்சு அவரைத் தாண்டி, மற்ற இரண்டோடு காலி மனைப் புல்லுக்குள் போய்விட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

"பாரேன், ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகுதா?" என்றார் மனைவியிடம். குரலில் புகார் இருந்தது. முகத்தில் அப்படி ஒன்றும் தெரியவில்லை.