உறை போட்ட ஒன்பது கதிர்கள்

1938-ஆம் வருஷம் ஆய்க்குடியில் மக்காச்சோளம் போட்ட எல்லோருக்கும் அந்தச் சீக்கு பழக்கம். இலையில் முதலில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி விழும். பத்து நாளில் அது நீண்டு, பட்டை போட்ட சட்டை மாதிரி இலை முழுக்க மஞ்சள் கோடாகிவிடும். செடி இடுப்புயரத்தோடு நின்றுபோகும். கதிர் வந்தாலும் பல் போன வாய் மாதிரி அங்கங்கே நாலு மணி இருக்கும்.

முப்பிடாதியம்மாளின் கிணற்றுத் தோட்டத்திலும் அதே கதைதான். புருஷன் பட்டாளத்தில் செத்ததிலிருந்து வெள்ளாமை அவள் கையில். அவள் வாய்க்குப் பயந்தே கிணற்றில் நீர் இறைக்கும் கமலை மாடுகள் ஒழுங்காக நடக்கின்றன என்று ஊரில் சொல்வார்கள். அந்த வாயிடம்தான், சம்சாரிகளுக்குச் சாகுபடி முறை சொல்லித்தரும் தென்காசி விவசாய டிமான்ஸ்ட்ரேட்டர் வல்லிநாயகம் போய் மாட்டிக்கொண்டார்.

"இது வைரஸ், ஆச்சி. கண்ணுக்குத் தெரியாத விஷம். தத்துப்பூச்சி ஒரு செடியில சாறு குடிச்சுட்டு அடுத்த செடியில கொண்டுபோய் விடுது."

"கண்ணுக்குத் தெரியாதுங்கீரு. உமக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

"புஸ்தகத்துல போட்டிருக்கு."

"மருந்து போட்டிருக்கா?"

"இல்ல."

"அப்பம் அந்தப் புஸ்தகத்த மாட்டுக்குப் போடும்" என்றவள், வயலுக்குள் கையை நீட்டினாள். "சரி, அந்தா நிக்குதுல்லா, ஒம்போது செடி. அதுக்கு மட்டும் எவன் வந்து மருந்து குடுத்தான்?"

வல்லிநாயகம் திரும்பிப் பார்த்தார். நானூறு நோஞ்சான்களுக்கு நடுவே ஒன்பது செடிகள், ஒரு கோடுகூட இல்லாமல், கருகருவென்று ஆளுயரத்துக்கு நின்றன. அவர் வரப்பிலிருந்து குதித்ததில் வேட்டி முள்ளில் கிழிந்தது. அதை அவர் கவனிக்கவே இல்லை.

சீக்கு தாங்கும் குணம் விதைக்கும் இறங்க வேண்டுமானால், அந்த ஒன்பதையும் பக்கத்துச் சீக்குச் செடிகளோடு சேரவிடாமல் விதையெடுக்க வேண்டும். உச்சியில் இருப்பது ஆண்பூ, இடுப்பில் நூல்விட்டுத் தொங்கும் இளங்கதிர் பெண். இரண்டுக்கும் காகித உறை மாட்டி, காலையில் ஆண்பூவின் தூளைத் தட்டியெடுத்து, அதே செடியின் கதிர்மேல் தூவி மறுபடி மூட வேண்டும். வல்லிநாயகம் கூச்சப்பட்டுக்கொண்டே இதை விளக்கினார்.

"ஒரே உடம்புக்குள்ளயே மாப்பிள்ளையும் பொண்ணுமா!" முப்பிடாதியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அந்தக் கண்றாவிய மறைக்கத்தான் காகிதம் போடுதீராக்கும்."

வரப்பில் போனவர்களெல்லாம், செடிகளுக்குப் பண்பொழிக் கோயிலில் முகூர்த்தம் குறித்தாயிற்றா என்று விசாரித்தார்கள். அவர்களை அவள் கேட்ட கேள்விகளை அச்சில் போட முடியாது. ஆனால் தினமும் விடிந்ததும் ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, உறைகளைப் பிரித்து, தூள் தட்டி, மூடி, ஒவ்வொன்றிலும் எண் போட்டது அவள்தான். வல்லிநாயகத்துக்கு உயரத்தில் ஏறினால் தலைசுற்றும்.

ஆடி பிறந்தது. குற்றாலத்தில் நல்ல சாரல். அருவியில் குளித்துவிட்டு அலுவல் பார்க்கலாம் என்று மேலதிகாரி ஞானசம்பந்தம் குடும்பத்தோடு வந்து பங்களாவில் இறங்கினார். இரண்டு வாரமாக அருவிதான் நடந்தது, அலுவல் நடக்கவில்லை. வல்லிநாயகம் தினமும் போய்த் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஒருநாள் குளித்து வந்த குளிருக்கு ஞானசம்பந்தத்துக்குச் சுட்ட சோளம் கேட்டது. கடற்கரை என்ற பியூன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். மத்தியானம் தாழ்வாரத்தில் கரியடுப்பு மூட்டி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி, ஆளுக்கொன்று கொடுத்தார்கள். வல்லிநாயகத்துக்கும் ஒன்று கிடைத்தது. பால்மணி, ஒரு மணிகூடத் தப்பாத வரிசை. இப்படியும் ஒரு கதிரா என்று வியந்தபடி பாதி தின்றபோதுதான், அடுப்பில் எரிந்துகொண்டிருந்த காகிதத்தில் முப்பிடாதியம்மாளின் கோணல் எழுத்தில் '4' என்றிருப்பதைக் கண்டார்.

"கடற்கரை, இது எங்கவே பறிச்சது?"

"ஆய்க்குடி ஆச்சி தோட்டத்துல. ஆச்சி சந்தைக்குப் போயிருந்தாக. கவர் போட்டு நம்பரும் எழுதி ரெடியா இருந்துச்சு. நம்ம ஐயாவுக்குன்னு கட்டி வச்சிருக்காகன்னு நெனச்சேன்."

"பிரமாதமான கதிர் வேய்! நாளைக்கும் சொல்லும்" என்றார் ஞானசம்பந்தம்.

வல்லிநாயகம் வாயில் இருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றார். பத்து வருஷ உத்தியோகத்தில் முதல்முறையாக மேலதிகாரியிடம், "முடியாது, ஐயா" என்றார். துண்டை ஞானசம்பந்தத்தின் தோளிலேயே போட்டுவிட்டு ஆய்க்குடி பஸ் ஏறினார்.

முப்பிடாதியம்மாள் வெறும் தட்டைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார், தான் தின்ற பாதி உட்பட.

 

"ருசியா இருந்துச்சா?"

"இருந்துச்சு, ஆச்சி."

"பொறவு என்ன. நாசமாப் போற வாய்க்கு ருசியாவது கிடைச்சுதே." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவள் அழுதிருப்பாள் என்று அவர் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. "ரெண்டு மிச்சமிருக்கு. ரெண்டாம் நம்பரும் எட்டாம் நம்பரும். சிறுசா இருக்குன்னு விட்டுட்டுப் போயிருக்கான்."

அந்த இரண்டையும் முற்றவைத்துத் தனித்தனியே எடுத்து, மறுவருஷம் விதைத்தார்கள். வல்லிநாயகம் ராயகிரி வயல்களிலிருந்து மஸ்லின் துணிக்கூண்டில் சீக்குச் செடியின் தத்துப்பூச்சிகளைப் பிடித்துவந்து, நாற்றுகள்மேல் விடப்போவதாகச் சொன்னதும் அவள் மண்வெட்டியைத் தூக்கினாள்.

"நல்லா நிக்க பயிருக்கு நீரே சீக்கு புடிச்சு விடுதீரா?"

"விட்டாத்தான் தெரியும் ஆச்சி. போன வருஷம் பூச்சி கடிச்சும் தப்பிச்சுதா, இல்ல பூச்சி கடிக்கவே இல்லையான்னு."

மண்வெட்டி மெல்லக் கீழே இறங்கியது.

இரண்டாம் எண்ணின் பிள்ளைகள் மூன்று வாரத்தில் மஞ்சள் கோடு போட்டு மொத்தமாகப் படுத்தன. வல்லிநாயகம் சாப்பிடாமல் கிடந்தார். எட்டாம் எண்ணில் முப்பத்திரண்டு செடி. முப்பிடாதியம்மாள் தினமும் இலை இலையாகப் புரட்டினாள். ஒன்பது செடியில் கோடு விழுந்தது. பத்தாவது செடியில் விழவே இல்லை. இருபத்துமூன்று செடிகள், பூச்சி கடித்த தழும்போடு, உச்சியில் பூவும் விட்டு, கருகருவென்று நின்றன.

"எண்ணுங்க, ஆச்சி. இன்னொரு மட்டம் எண்ணுங்க."

"மூணு மட்டம் எண்ணியாச்சு. உறை மாட்டணும், முக்காலிய எடுத்துட்டு வாரும். இன்னைக்கு நீருதான் ஏறணும்."

வல்லிநாயகம் ஏறினார். தலை சுற்றியது. முப்பிடாதியம்மாள் கீழே நின்று, அவர் விழாதபடி வேட்டியைப் பிடித்துக்கொண்டு, ஊர் முழுக்கக் கேட்கும்படி அவரை வைதுகொண்டிருந்தாள்.