பிஸ்கற் பேணிக்குள் சருகு உரசும் சத்தம்

1

இந்தக் கதை ஒரு சத்தத்திலிருந்து வந்தது. விசுவமடுவில் தன் வீட்டுத் தகரப் பிஸ்கற் பேணிக்குள் சருகு உரசுவதுபோல ஒன்று கேட்டதாக விமலேஸ்வரி எனக்குச் சொன்னார். சொல்லிவிட்டு, பல்லி சொன்னால் நாம் தட்டுவோமே, அப்படிச் சுட்டுவிரலால் நிலத்தில் தட்டினார். அந்தத் தட்டல்தான் என்னை எழுத வைத்தது.

முதலில் எழுதிய தொடக்கம்: 'விளக்கு வைக்கும் நேரத்தில், மூடித் துளைகளுக்குள்ளிருந்து இரண்டு கண்கள்...'

வேண்டாம். கண்ணில் தொடங்கினால் பேய்க்கதையாகிவிடும். மணலில் தொடங்குகிறேன்.

2

விமலேஸ்வரியின் கணவர் செல்வராசா பாலைவன நாடொன்றில் வேலை செய்து, தொண்ணூறாம் ஆண்டில் திரும்பியபோது கொண்டுவந்த பல்லி அது. தவளையின் கண், மீனின் செதில். சுவரில் ஏறாது, மணலைத் தோண்டிப் படுக்கும். அதனால் பிஸ்கற் பேணியொன்றில் மணல் நிரப்பி, மூடியில் துளையிட்டு, அதற்குள் விட்டார். (எப்படிக் கொண்டுவந்தார் என்று நானும் கேட்டேன். "சட்டைக்குள்ள" என்றார் விமலேஸ்வரி. நம்பிவிட்டேன்.)

அடுத்த மாரியில் மலேரியா செல்வராசாவைக் கொண்டுபோனது. அவர் விட்டுப்போன சொல் இவ்வளவுதான்: "மேல்மணல் காய்ஞ்சிருக்க வேணும், அடியில ஈரம் வேணும். கறையான் போடு. கையில தூக்காதை, தோல் உரிஞ்சு வந்திடும். பயந்தால் வாலை ஆட்டும், செதில் உரசிச் சத்தம் வரும். அது கதைக்கிறதில்லை, நடுங்கிறது."

ஊருக்கோ பல்லி என்றால் பல்லிதான். ஒரு சொல் வாயில் இருக்கையில் பல்லி சொன்னால் அந்தச் சொல் பலிக்கும். போரால் இடம்பெயர்ந்த காலத்தில், பிள்ளைகளின் தகவல் அறியாதவர்கள் வந்து பேணியைத் தட்டினார்கள். சத்தம் கேட்டு ஆறுதலோடு போனார்கள். நடுங்கி நடுங்கிப் பல்லியின் வால் மெலிந்தது. அதன்பின் விமலேஸ்வரி ஒருவரையும் தட்ட விடவில்லை. தானும் மூடியைத் திறக்காமல், துளை வழியே கறையானைப் போட்டு, நீரைச் சொட்டவிட்டார்.

3

ராக்காயி மலைநாட்டிலிருந்து வந்து குடியேறி, மிளகாய்த் தோட்டங்களில் வேலை செய்பவர். [இங்கே அவரை அழவைத்திருந்தேன். வெட்டிவிட்டேன். அவர் அழுகிறவர் இல்லை.] வவுனியாப் பக்கம் வேலைக்குப் போன மகன் ஆண்டியப்பனிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. வரும் அமாவாசையில் செத்தவனென்று சோறு படைப்பதா, இன்னும் காத்திருப்பதா என்று கேட்க வந்தார்.

"தட்டக்கூடாது ராக்காயி. பாவம் அது."

"நா ஏன்க்கா தட்டுறேன். புது மாப்பிள்ளையாட்டமில்ல வச்சிருக்கீங்க."

இருவரும் சிரித்தார்கள். ராக்காயி பேணிக்கு முன்னால் குந்தினார்.

"ஏம் மகன் உசுரோட இருக்கான்."

ஒன்றும் இல்லை.

"உசுரோட இருக்கான்."

பேணி பேசவில்லை. ராக்காயி மூச்சை இழுத்தார். "சரி. அப்ப அவன்..."

"பொறு," என்றார் விமலேஸ்வரி. "முதல் சொன்னதை இன்னொருக்காச் சொல்லு."

ராக்காயி சொன்னார். அவர் சொல்லும்போதே, பேணியின் பின்புறத்தில் விமலேஸ்வரியின் நகம் மெல்ல உரசியது.

ராக்காயி நிலத்தில் தட்டினார். "கேட்டுச்சாக்கா?"

"ஓம். கேட்டது."

4

இது பொய்யா என்று ஒரு பந்தி எழுதி அழித்தேன். ஒரு சின்னப் பிராணியையும் நடுங்கவிடாமல், ஒரு தாயையும் உடையவிடாமல் காத்தது அந்த நகம். பிள்ளையார் பொறுப்பார்.

கதையை இங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் ராக்காயி முற்றத்தில் இறங்கியதும் விமலேஸ்வரி மூடியைத் திறந்தார். பல்லி மணல்மேல் கிடந்தது, காய்ந்த இலைபோல. இறந்து வெகுநாளாகியிருக்க வேண்டும். இமையில்லாத கண்கள் திறந்தே இருந்தன.

(தினமும் போட்ட கறையான்களில் ஒன்றுகூட அங்கே இல்லை.)

வேறு முடிவுகளும் எழுதினேன். ஒன்றில் பல்லி எழுந்து ஓடுகிறது. இன்னொன்றில் ஆண்டியப்பன் வாசற் படலையைத் திறந்துகொண்டு... இரண்டையும் என் கை நம்பவில்லை.

5

விமலேஸ்வரி மூடியைப் போட்டார். இரண்டு கைகளையும் கூப்பி, ஒரு வசனம் சொன்னார். அது முடியுமுன் பேணிக்குள் சருகு உரசியது.

அந்த வசனம்: '..............................'

அதை அவர் என்னிடம் சொல்லவில்லை. நிரப்ப எனக்குத் துணிவில்லை. அந்த இடத்தில் எதை எழுதினாலும் பலித்துவிடும்.

நீங்கள் எழுதுங்கள். அவசரப்படாதீர்கள். ராக்காயி இன்னும் படலையைத் தாண்டவில்லை. சத்தம் அவருக்கும் கேட்டிருக்கிறது. விரலை நிலத்தருகே வைத்துக்கொண்டு, எந்தச் சொல்லுக்காகத் தட்டுவது என்று உங்களைப் பார்க்கிறார்.