பன்னிரண்டாவது துணி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஓவியர் தேவசேனாவின் நினைவுக் கண்காட்சிக்கு நான்கு பக்கத்தில் ஒரு வாழ்க்கைக் குறிப்பு கேட்டார்கள். அதற்காகத்தான் கொடைக்கானல் போனேன். குறிப்பு அச்சுக்கும் போய்விட்டது. அதில் ஒரு பொய் இருக்கிறது. (பொய் என்பது கொஞ்சம் அதிகம். ஒரு விஷயத்தை எழுதாமல் விட்டேன்.)

2

குறிப்பு இப்படித் தொடங்கும்: ‘ஓவிய ஆசிரியையாக மலையேறி வந்த தேவசேனா, மலையை ஒருநாளும் வரையவில்லை.’ இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான். ஏரியையும் படகையும் வரைந்தால் விற்றுப்போகும் ஊரில், அவர் எதன் சாயலும் இல்லாத வெறும் நிறங்களைத் தீட்டினார். நாற்பது வருடம் யாரும் சீந்தவில்லை. போன மார்கழியில் செத்துப்போனார். இப்போது முன்னோடி என்கிறார்கள். நம்மவர்களுக்கு எப்போதும் இந்த அவசரம்தான்.

3

கதைக்கு அந்தத் தொடக்கம் உதவாது. கதை குமாரவேலுடையது. கொடைக்கானலை அடுத்த பள்ளங்கியில் பூண்டு போடுகிறவர், தேவசேனாவுக்குப் பக்கத்து வீடு. அவர் நெஞ்சில் ஒரு கரிய மேகம் கவிந்து

(வேண்டாம். பூண்டுக்காரருக்கு மேகம் என்றால் மழை, அவ்வளவுதான். அவருக்கு இருந்தது பயம்.)

இரண்டு வருடத்துக்கு முன் தேவசேனாவுக்குக் கை நடுங்கத் தொடங்கியது. வைத்தியத்துக்கு மதுரை போனவர் வர இரண்டு மாதமானது. சாவி குமாரவேலிடம். அடைமழையில் வீடு ஒழுக, அங்கே இருந்த பதினோரு ஓவியங்களிலும் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்தது. பூண்டுக்கு என்ன செய்வாரோ அதையே அவற்றுக்கும் செய்தார். புகை போடும் கொட்டகைக்குத் தூக்கிப்போய், பூண்டுக் கொத்துகளோடு உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டார். புகை பட்டால் பூஞ்சை அண்டாது, பூச்சி அரிக்காது. அந்த மட்டில் அவர் நினைத்தது சரிதான்.

தேவசேனா திரும்பி வந்தபோது பதினொன்றும் கரியேறிக் கிடந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். மூன்று நாள் பேச்சில்லை. குமாரவேலுக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் காலை தேவசேனா ஒரு வெள்ளைக் கேன்வாஸோடு வந்து நின்றார்.

“இதையும் கட்டு, குமாரவேலு.”

“இதுல ஒண்ணுமே இல்லைங்களே, டீச்சர்.”

“அதான் கட்டச் சொல்றேன்.”

4

ஒன்பது நாள் அந்தக் கொட்டகையில் நாற்காலி போட்டு, இருமிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எந்த விறகு, எவ்வளவு ஈரம், புகை படாமலிருக்க நனைத்த சாக்கை எங்கே பிடிக்க வேண்டும் என்றெல்லாம் அவர் சொல்லச் சொல்லக் குமாரவேல் செய்தார். ஆறாம் நாள் குமாரவேல் கண்ணயர்ந்த நேரத்தில் தீ எழும்பி, துணியின் இடது ஓரம் பொசுங்கிவிட்டது. காலில் விழாத குறை. தேவசேனா கிட்டப்போய் அதைப் பார்த்தார். பிறகு வலது மேல்முனையிலும் அதே அளவுக்குப் பொசுக்கச் சொன்னார்.

(இந்த இடத்தை நான் இட்டுக்கட்டவில்லை. இட்டுக்கட்டும் அளவுக்கு எனக்குக் கெட்டிக்காரத்தனம் கிடையாது.)

முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார்.

“யார்ட்டயும் சொல்லாத. கை போயிருச்சுன்னு தெரிஞ்சா, முன்னாடி வரைஞ்சதையெல்லாம் பாவம்னு பாப்பாங்க.”

5

கண்காட்சிக்காகச் சென்னையிலிருந்து நதியா வந்தாள். பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்வதில் தேர்ந்தவள். மருந்தில் நனைத்த பஞ்சால் விரற்கடை விரற்கடையாகக் கரியை எடுத்தாள். முதல் துணியில் மஞ்சள் வெளியே வந்தபோது குமாரவேல் அழுதுவிட்டார். இரண்டு வருடக் குற்றவுணர்ச்சி அது. பதினொன்றும் அப்படியே மீண்டன. அவள்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது.

மிச்சம் பன்னிரண்டாவது. அதன் அடியிலும் நிறம் இருக்கிறதென்று நம்புகிறாள். வருகிற திங்கட்கிழமை அதில் கை வைக்கிறாள்.

6

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

குமாரவேல் சொல்லிவிடுகிறார், நதியா பஞ்சைக் கீழே வைக்கிறாள். மறுநாளே ‘கை நடுங்கிய ஓவியர், பூண்டுப் புகையில்’ என்று செய்தி வருகிறது. அதற்குப் பிறகு எல்லாரும் அந்தக் கையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். கிழித்துப்போட்டேன்.

குமாரவேல் வாயைத் திறக்கவில்லை. கரி போகிறது, வெள்ளைத் துணி தெரிகிறது. நதியா இன்னும் கொஞ்சம் துடைக்கிறாள், இன்னும் கொஞ்சம், அதற்குமேல்

(எழுத முடியவில்லை.)

துணியைத் திருடிக்கொண்டு போவதாகவும் ஒன்று யோசித்தேன். குமாரவேலிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அதுவும் போயிற்று.

7

இதையெல்லாம் அவர் என்னிடம் சொன்னது அந்தக் கொட்டகையில்தான். சொன்ன கையோடு முகம் சுருங்கிவிட்டது. வாக்குத் தவறிவிட்டேனே என்றார். நதியாவிடம் நான் போய்ப் பேசவா என்று கேட்டதற்குத் தலையை ஆட்டி மறுத்தார். விறகைத் தள்ளிவிட்டபடி சொன்னார்:

“நீங்க கதை எழுதுறவராமே. கதையா எழுதிருங்க சார். படிக்கிறவங்க பொய்யின்னு நெனச்சா டீச்சர் பேரு நிக்கும். நெசம்னு நெனச்சா துணி நிக்கும்.”

இரண்டும் நிற்க வழியில்லையா என்றேன். அவர் இன்னொரு விறகை எடுத்துத் தீயில் வைத்தார்.

எழுதிவிட்டேன். நதியா கதை படிக்கிறவளா என்று கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. நீங்கள் படித்துவிட்டீர்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவள் பஞ்சை நனைப்பாள். நம்புவதா வேண்டாமா என்பது இனி உங்கள் பாடு.